உரக்கடைக்காரர் அலையேறிய கதை

அன்புள்ள ராசாத்தி,

போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுறேன்னு சொல்லிட்டுப் போனவ இன்னும் ஒரு வார்த்தை பேசலையேன்னு நீ திண்ணையில உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டிருப்பே. கோவிச்சுக்காதேடி கண்ணு. யாழ்ப்பாணத்துல இறங்கினதுமே இந்த ஊர் சிம் கார்டு ஒண்ணு வாங்கினோம், வாங்கின நிமிஷத்துலேருந்து அது எங்க வீட்டுக்காரர் காதோட ஒட்டிக்கிச்சு. குறுவை நேரமாச்சே! யூரியா லோடு வந்துச்சா, டி.ஏ.பி. எத்தனை மூட்டை நிக்குது, கடன் நோட்டுல எழுதினியான்னு கடலைப் பாத்து நின்னுக்கிட்டுக் கடைப் பையனை அதட்டுறார். அதான் நாங்க தங்கியிருக்கிற வீட்டுப் பிள்ளையோட கொப்பியில நாலு தாள் கிழிச்சு வாங்கி எழுத உக்காந்துட்டேன். தபால்ல போட்டா நான் ஊருக்கு வந்த பிறகுதான் வரும். பக்கம் பக்கமா போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல அனுப்புறேன், உன் பேத்தியை விட்டுப் பெருசாக்கிப் படிச்சுக்கோ. நடுவுல கொஞ்சம் இடம் அவ படிக்க வேண்டாம், அது எதுன்னு உனக்கே தெரியும்.

இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு ஆளுக்கொரு பட்டு எடுத்துக்கிட்டு திருப்பதி போய் வரலாம்னுதானே நான் சொன்னேன். பெரியவன்தான், "அம்மா, வாழ்நாள்ல ஒரு தடவை கோயில் இல்லாத ஊருக்குப் போய்ட்டு வாங்க"ன்னு இலங்கையில இருக்கிற இந்த அறுகம்பைக்குப் பணம் கட்டிட்டான். அவனுக்குச் சென்னையில வேலை கிடைச்சதும் கிடைச்சது, ஞாயித்துக்கிழமையானா கோவளத்துக்குப் போய் அலையில பலகை போட்டு ஏறுறதே பொழைப்பாப் போச்சு. அங்கே 2013-லேருந்து சர்ஃபிங் விழாவே நடக்குதாம், கிரிக்கெட் ஆடினாரே ஜான்டி ரோட்ஸ், அவர்கூட வந்து அலையேறிட்டுப் போவாராம். மீன்பிடிக்கிற வீட்டுப் பசங்க ஏறிப் படிச்சு இப்ப நாட்டுக்கே ஆடுறாங்க, 2025 ஆகஸ்ட்ல மாமல்லபுரத்துல ஆசியப் போட்டியே நடந்துச்சுன்னு ஒரே பேச்சு. அவனுக்கு அறுகம்பை ஒரு கனவு, அவனுக்கு லீவு கிடைக்கலை, அதனால அப்பா அம்மாவை அனுப்பிட்டான். கோயில் இல்லாத ஊர்னானே, அதுக்கு அப்புறம் வரேன்.

விமானம் வேண்டாம்னுட்டார் இவர். நமக்கு மீனம்பாக்கம் போற நேரத்துல நாகப்பட்டினம் போயிடலாமே! விடியறதுக்கு முன்னாடி கார் எடுத்து சிதம்பரம், சீர்காழி, காரைக்கால்னு போய்ட்டோம். 'சிவகங்கை'ன்னு கப்பல் பேரு. 2023 அக்டோபர்ல முதல்ல ஒரு கப்பல் விட்டு அது நின்னு, 2024 ஆகஸ்ட்லேருந்து இது ஓடுது. நாலு மணி நேரத்துல காங்கேசன்துறை. சொல்ல நல்லாத்தான் இருக்கு, நான் கட்டிக்கிட்டுப் போன புளியோதரையை என்னைத் தவிர கப்பல்ல எல்லாரும் சாப்பிட்டாங்க, நான் பிளாஸ்டிக் பையைப் பிடிச்சுக்கிட்டுக் கண்ணை மூடினவ கரை வந்துதான் திறந்தேன். அப்புறம் யாழ்ப்பாணத்துலேருந்து மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், பொத்துவில்னு பஸ் மாத்தி பஸ். பெரியவன் போட்டுக் குடுத்த திட்டத்துல ஏ.சி. வண்டின்னு எழுதியிருந்துச்சு. வந்த வண்டியில ஏ.சி.யும் இல்லை, சீட்டுல பஞ்சும் இல்லை, பாட்டு மட்டும் விடிய விடிய இருந்துச்சு. என் இடுப்பு இன்னும் என்கூடப் பேசலை.

ஆனா வந்து சேர்ந்தா, அடி, இந்தக் காத்து! நம்ம ஊர்ல ஆனி மாசம் ஆரம்பிச்சா வாசல் புழுதியெல்லாம் கூடத்துக்கு வந்துடுமே, அதே மேல்காத்துதான். இங்கே அது நிலத்துப் பக்கமிருந்து கடலைப் பாத்து அடிக்குது, அதான் விசேஷமாம். எங்கேயோ தெக்கே, பனிக்கண்டத்துப் பக்கத்துக் கடல்ல அடிக்கிற புயல்லேருந்து கிளம்புற அலை ஆயிரக்கணக்கான மைல் ஓடி வந்து இந்த முனையைச் சுத்தி வளையுது, எதிர்ல வர்ற காத்து அதோட முகத்தைத் தடவி நிறுத்தி வைக்குது, அதனால ஒரேயடியா மடார்னு விழாம ஒரு ஓரத்துலேருந்து மெதுவா உடைஞ்சுக்கிட்டே போகுது. கரையைப் பாத்து நிக்கிறவனுக்கு எப்பவும் வலக்கைப் பக்கமாத்தான் உடையுமாம். சித்திரை வைகாசியிலேருந்து ஐப்பசி வரைக்கும் இந்தக் கிழக்குக் கரைக்கு யோகம், அப்புறம் நம்ம ஊர் மழை இங்கேயும் வந்துடும், அப்ப எல்லாரும் பலகையைத் தூக்கிக்கிட்டு வெலிகம, இக்கடுவைன்னு தெக்குக் கரைக்குப் போயிடுவாங்களாம். இதெல்லாம் சொன்னது பலகை வாடகைக்கு விடற பொத்துவில் பையன். இவர் கேட்டுட்டு, "ஆக ரெண்டு போகம்"னார். உரக்கடைக்காரர் இல்லையா.

ஊர்னா ஒரே ஒரு தெரு, கடலுக்குப் பக்கத்துலேயே போகுது. ரெண்டு பக்கமும் காப்பிக்கடை, பலகைக்கடை, வீட்டு மாடியில ரூம். ஆட்டோ மேல பலகையைப் படுக்க வச்சுக் கட்டிக்கிட்டுப் போறாங்க. எந்த நாட்டுக்காரங்க இல்லைன்னு கேளு. இஸ்ரேல் பசங்கதான் நிறைய, அதனால முக்குக்கு முக்கு போலீஸ் நிக்குது. 2024 அக்டோபர்ல அமெரிக்கத் தூதரகமே இந்த ஊர்ப் பேரைச் சொல்லி எச்சரிக்கை விட்டுச்சாம். நான் பயந்துட்டேன். நாங்க தங்கியிருக்கிற வீட்டம்மா, பிள்ளைங்க உம்மான்னு கூப்பிடறாங்க, நானும் உம்மான்னுதான் கூப்பிடுறேன், அவங்க சிரிச்சுட்டு ஒரு தட்டு பிட்டைக் கொண்டு வந்து வச்சாங்க. 2019-ல ஈஸ்டர் அன்னிக்குக் குண்டு வெடிச்சுச்சு, அடுத்த வருஷம் கொரோனா, 2022-ல பெட்ரோலுக்கு நாள் கணக்கா வரிசை, இவ்வளவையும் பாத்துட்டு இந்த ரூமுக்கு வெள்ளையடிச்சு உக்காந்திருக்கேன், போலீஸ் நிக்கிறதுக்கு நீங்க ஏன் பயப்படறீங்கன்னு கேட்டாங்க.

இப்ப கதைக்கு வரேன். ஆரம்பக்காரங்களுக்கு பேபி பாயின்ட்னு ஒரு இடம் வச்சிருக்காங்க, அலை இடுப்பு உயரம்தான், அடியில மணல். பெரியவன் கட்டின பணத்துல பயிற்சியும் சேர்த்தி. "சும்மா போய்ப் பாத்துட்டு வந்துடலாம்"னு வேட்டியோட கிளம்பினவர், அங்கே போனதும் ஒரு ஜெர்மன்காரர், தலையெல்லாம் நரைச்சவர், நம்ம டாக்டரைவிட மூத்தவர், பலகையில நின்னுக்கிட்டு வந்து கரையில இறங்கினதைப் பாத்துட்டார். அவ்வளவுதான். வேட்டியை அவிழ்த்து மடிச்சு எங்கிட்ட குடுத்தார், உள்ளே பெரியவன் வாங்கி அனுப்பின அரைக்கால் டவுசர்! ஊர்லேருந்தே போட்டுக்கிட்டு வந்திருக்கார்டி, எங்கிட்ட சொல்லாம! அப்புறம் கண்ணாடி, கைக்கடிகாரம், போன், பர்ஸ், செருப்பு. நான் கோட்ஸ்டாண்டு மாதிரி நிக்கிறேன்.

முதல்ல மணல்லேயே பலகையைப் போட்டுக் குப்புறப் படுக்கச் சொல்லி, கையால துழாவச் சொல்லி, ஒரே எம்புல எழுந்து நிக்கச் சொல்லிப் பழக்கினாங்க. கோயில்ல விழுந்து கும்பிடறதுக்கே தூணைப் பிடிச்சு எழுந்திருக்கிற மனுஷன். தண்ணிக்குள்ள போனதும் கண்ணாடி இல்லாததால அலை எது வானம் எதுன்னு தெரியலை. பயிற்சி குடுக்கிற பையன் பின்னாலேருந்து பலகையைத் தள்ளி விட்டு "அண்ணே, எழும்புங்க!"ன்னு கத்துறான், இவர் அந்தப் பக்கம் திரும்பி "என்னப்பா?"ன்னு கேக்கிறார், தொபீர். திரும்பத் திரும்ப இதே. மூக்குல வாயில தண்ணி போய் இருமிக்கிட்டே எழுந்து, யாரோ கூப்பிட்ட மாதிரி திரும்பவும் அலைக்குள்ள நடக்கிறார். கடையில ஒரு மூட்டை எடை குறைஞ்சா மூணு நாள் முகத்தைத் தூக்கி வச்சிக்கிறவர், விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

அந்த நேரம் பாத்து என் கையில இருந்த போன் அடிக்குது. நம்ம ஊர் விவசாயிதான், பேர் வேண்டாம், உனக்குத் தெரியும், கரும்புக்குப் பொட்டாஷ் கேட்டு. "அவர் கடலுக்குள்ள இருக்காருங்க"ன்னேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்புறம் மெதுவா, "எப்போங்க?"ன்னு கேட்டார் பாரு! ஊர்ல ஏதாவது வதந்தி கிளம்பியிருந்தா அது இதுதான், உடனே போய் மறுத்துடு.

சிரிச்சு முடிச்சப்புறம் ஒண்ணு தோணுச்சு, அதை உங்கிட்ட மட்டும்தான் சொல்ல முடியும். நமக்கெல்லாம் கடல்னா என்ன சொல்லு. மாசி மகத்துக்கு நம்ம ஊர் பூவராகர் கிள்ளைக்குத் தீர்த்தவாரிக்குப் போறப்போ கூடப் போறோம், வழியில தைக்கால்ல தர்காக்காரங்க மாலை மரியாதையோட நின்னு வரவேற்கிறதைக் கண்ணு நிறையப் பாக்குறோம், கணுக்கால் நனைய நின்னு மூணு தரம் தலையில தெளிச்சுக்கிட்டு வந்துடறோம். அமாவாசைக்கு ஆம்பளைங்க எள்ளும் தண்ணியும் விடறாங்க. அதை விட்டா பயம். கடலுக்குள்ள போன பூமியைத் தூக்கிக்கிட்டு வந்தவர் நம்ம சாமி, அந்த ஊர்ல பொறந்துட்டுக் கடல்கிட்ட நான் ஒரு நாளும் விளையாடினதில்லை. 2004 மார்கழிப் பௌர்ணமி ஞாயித்துக்கிழமை வந்த சுனாமிக்கு அப்புறம் கேக்கவே வேண்டாம். எம்.ஜி.ஆர். திட்டுல உறவைப் பறிகொடுத்தவங்க உன் அத்தை வீட்டுல வந்து உக்காந்திருந்தாங்களே, பேசவே பேசாம. அன்னிக்குக் காலையில அதே தண்ணி இந்த அறுகம்பையிலயும் ஏறி வீடு, கடை, பாலம் எல்லாத்தையும் வாரிக்கிட்டுப் போயிருக்கு. இலங்கையில மட்டும் முப்பதாயிரம் பேருக்கு மேல. உம்மாவோட தங்கச்சியும் அதுல ஒருத்தி. இங்கே களப்புன்னு சொல்ற உப்பங்கழி மேல இப்ப இருக்கிற பாலம் அப்புறம் அமெரிக்கா பணம் குடுத்துக் கட்டினது.

அப்படியிருந்தும் உம்மாவோட மகன் அதே தண்ணியில பலகை தள்ளித்தான் சம்பாதிக்கிறான். எப்படி உம்மா மனசு வருதுன்னு கேட்டேன். "கடலுக்கு முதுகைக் காட்டி நிண்டா பயம்தான் மகள். அவன் எந்த நேரமும் அதோட மூஞ்சியைப் பாத்துக்கிட்டுத்தானே நிக்கிறான்"னாங்க. தேத்தண்ணியை ஆத்திக்கிட்டே சொல்லிட்டு உள்ளே போய்ட்டாங்க.

மறுநாள் சாயங்காலம் கரைக்குப் போனா, இந்த ஊர்ப் பொண்ணுங்க பலகையோட நிக்குதுங்க. முழுக்கை சட்டை, காலை மூடின டிரஸ், சில பேர் புள்ளைக்குட்டிக்காரங்க. 2018-ல ஆரம்பிச்ச பெண்கள் சர்ஃப் கிளப்பாம், இலங்கையிலேயே பொண்ணுங்களுக்குன்னு அதுதான் முதல். சமலி சஞ்சயான்னு இந்த ஊர்ப் பொண்ணு முன்னால நின்னு நடத்தியிருக்கு. கறுத்துப் போயிடுவே, கல்யாணம் ஆகாது, வீட்டு வேலையை யார் பாப்பான்னு எல்லா ஊர்லயும் சொல்றதை இங்கேயும் சொல்லியிருக்காங்க. ஒரு பொண்ணு என்னைப் பாத்து, "அக்கா, நீங்க வரல்லையா?"ன்னு கேட்டுச்சு. கையில வழக்கம் போல இவரோட கண்ணாடி, போன், வேட்டி. நான் பதில் சொல்றதுக்குள்ள உம்மாவோட பேத்தி வந்து எல்லாத்தையும் வாங்கித் தன் மடியில வச்சுக்கிட்டா.

போனேன்டி.

சுடிதாரோடத்தான். துப்பட்டாவை இடுப்புல இறுக்கிக் கட்டிக்கிட்டுப் போனேன். நிக்கவெல்லாம் இல்லை, உங்கிட்ட பொய் சொல்வேனா, குப்புறப் படுத்தேன், அந்தப் பொண்ணு தள்ளி விட்டுச்சு, அலை அடியில வந்து தூக்கிச்சு பாரு, அப்படியே வயித்துக்குள்ள ஏதோ எம்பி, கரை வரைக்கும் ஒரே ஓட்டம்! மணல்ல தட்டி நின்னப்புறமும் நான் பலகையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டே கிடந்தேன். யாரும் என்னைத் தூக்கிக்கிட்டு அவ்வளவு தூரம் போனதில்லை, கல்யாணத்தன்னிக்கு மாலை மாத்தறப்போகூட எங்க மாமா ரெண்டு அடியில இறக்கி விட்டுட்டார். எழுந்து பாத்தா இவர் இடுப்பளவு தண்ணியில நின்னுக்கிட்டுக் கண்ணை இடுக்கி, நான்தானான்னு பாக்கிறார். "இன்னொரு தரம் போ"ன்னார். இருபத்தஞ்சு வருஷத்துல போதும் வான்னுதான் கேட்டிருக்கேன். இந்த இடத்தைப் பேத்தி படிக்க வேண்டாம்.

சாப்பாட்டைப் பத்திச் சொல்லலைன்னா நீ விட மாட்டே. தெருவுல இருக்கிற கடையெல்லாம் வெள்ளைக்காரங்களுக்கு, ஒரு வாழைப்பழத்தைத் தட்டுல கோலம் போட்டு வச்சு விலையை மூணு இலக்கமும் தாண்டி எழுதியிருக்கான். நம்ம ஒரு ரூபாய்க்கு இங்கே மூணு ரூபாய்க்கு மேல கிடைக்குதுன்னு மனசுல வகுத்து வகுத்து எனக்குத் தலைவலி. பொத்துவில் டவுனுக்குப் போனா இடியப்பம், சொதி, தேங்காய்ச் சம்பல், சட்டியோட எருமைத் தயிர், அது மேல கித்துள் பாணி. தயிருக்கு இனிப்பா சேத்துக்கிறதுன்னு முகத்தைச் சுளிச்சவர் சட்டியை வழிச்சுட்டார். காப்பி மட்டும் கேக்காதே, நம்ம டிகிரி காப்பியை நினைச்சு நான் அழுதுட்டேன். கொசு வேற. கொசுவலையில ஒரு ஓட்டை, நான் என் ஹேர்பின்னைப் போட்டு அடைச்சு வச்சிருக்கேன்.

இப்ப கோயில் இல்லாத ஊர்னு சொன்னவன் விஷயம். ஒரு நாள் காலையில தெருவுல அரோகரா சத்தம். எட்டிப் பாத்தா காவி கட்டிக்கிட்டு, தலையில மூட்டை, கையில வேல், வெறுங்காலோட ஒரு கூட்டம் போகுது, வயசானவங்க, கைக்குழந்தைக்காரி, எல்லாரும். தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலேருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறாங்களாம், ஒன்றரை மாசத்துக்கு மேல நடை. பலகையைத் தூக்கிக்கிட்டு அந்தப் பக்கம் போறவங்களும் வேலைத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் போறவங்களும் ஒரே தெருவுல ஒதுங்கி ஒதுங்கி வழி விடறாங்க. உம்மா வாசல்ல குடத்துல தண்ணியும் வெல்லமும் வச்சுட்டாங்க, எனக்குக் கிள்ளை தைக்கால் ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுச்சு.

இவர் உடனே ஆட்டோ பேசினார். பாணமை வழியா முப்பது கிலோமீட்டர்கிட்ட, வழியில குளத்தோரம் யானை நின்னு எங்களையே பாத்துச்சு, ஆட்டோக்காரர் இஞ்சினை அணைச்சுட்டு மூச்சு விடாம உக்காந்தார். அப்புறம் உகந்தை. காட்டுக்கும் கடலுக்கும் நடுவுல பாறை ஓரமா முருகன், மேலே மலையில வள்ளியம்மன், பாறையில சுனை சுனையா தண்ணி. முருகன் கல்லோடத்துல வந்து இங்கேதான் இறங்கினாராம், அந்த ஓடம் இதுதான்னு கரையில கல்லைக் காட்டுறாங்க. இங்கேருந்து குமன, யாலக் காட்டுக்குள்ள நடைக்காரங்க அஞ்சாறு நாள் போகணும், வருஷத்துல இந்தக் கொஞ்ச நாளைக்குத்தான் அந்த வழியைத் திறந்து விடுவாங்க. உற்சவத்துக் கடைசியில இங்கேயும் சாமிக்குக் கடல்லதான் தீர்த்தம். இதைக் கேளு, கோயிலுக்குப் பக்கத்துக் கரையிலேயே நல்ல அலையாம், ரெண்டு பசங்க பலகையைப் பாறையில சாத்தி வச்சுட்டு, விபூதி பூசிக்கிட்டு, அன்னதானத்துல வரிசையில நிக்கிறாங்க! நான் கடலைக் கும்பிட்டுட்டு, தலையில தெளிச்சுக்கிட்டு, அப்புறம் இவர் தள்ளி விட்டதுல முழுசா நனைஞ்சுட்டேன். உற்சவம் முடியற வரைக்கும் இருக்க முடியாது. திரும்பற கப்பலுக்கு நாளாயிடுச்சு. சிதம்பரத்துல ஆனித் திருமஞ்சனத் தேரை விட்டுடுவேனோன்னு பயமா இருக்கு, நீ போனா எனக்கும் சேத்து வடம் தொட்டுடு.

உன் முழங்கால் எப்படி இருக்கு? அந்த விருத்தாசலத்து ஜாதகம் என்ன ஆச்சு, பொண்ணு பாக்க வராங்களா, இல்லை இன்னும் நாள் பாத்துக்கிட்டிருக்காங்களா? அவசரப்பட்டுத் தலையாட்டிடாதே, நான் வந்து அந்தம்மா முகத்தை ஒரு தரம் பாக்கணும். சாவி உங்கிட்ட இருக்குல்ல, மோட்டாரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடு, மாடியில வடகம் காயுது, காத்துக்குத் துணி பறந்திருக்கும். எங்க மாமியார் கேட்டா உகந்தை முருகன் கோயிலுக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு, பொய்யில்லையே. டவுசர் விஷயம் வாயைத் திறக்காதே. இவர் வாசல்ல நின்னு கூப்பிடுறார், அலை நல்லா இருக்காம், இன்னிக்கு எழுந்து நின்னுடுவாராம். கண்ணாடியைக் கயிறு போட்டுத் தலையோட கட்டியிருக்கார், போனைக் கேக்கவே இல்லை. கடைப் பையன் கூப்பிடறான், நான்தான் எடுத்துப் பேசணும் போல. இரு, யூரியா எத்தனை மூட்டைன்னு கேட்டுட்டு வரேன்.

உன்,
நான்தான்